பாடத்தில் இல்லாத கேள்வி

(ஆம்பூரில் பெற்றோர்கள், உபாத்தியாயர்கள் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



பிள்ளை படிக்கிறானா என்று கேட்டால், "பாடத்தை அப்படியே ஒப்பிக்கிறானே!" என்று பெருமையாய்ச் சொல்லுகிறோம். ஒப்பிப்பதுதான் படிப்பென்றால் நம் சட்டைப் பையிலிருக்கும் கைபேசியைவிடப் பெரிய பண்டிதர் யார் இருக்க முடியும்?

நமது பக்கத்துச் சங்கதியையே பாருங்கள். 1806-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதி விடியுமுன் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்மீது பாய்ந்த சரித்திரம் பிள்ளைகளுக்குப் பாடம். பாடம் முடிந்ததும் நாம் என்ன கேட்கிறோம்? "எந்த வருஷம்? கவர்னர் யார்?" 1806 என்றும் வில்லியம் பெண்டிங்க் என்றும் பிள்ளை சொல்லிவிடுகிறான். வரியின்மேல் விரலை வைத்தால் பதில் வந்துவிடுகிறது. புத்திக்கு அங்கே வேலையே இல்லை. வருஷம் தெரியவேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அதோடு நிறுத்திக்கொள்வதைத்தான் சொல்லுகிறோம்.

புதுத் தலைப்பாகையில் தோல் சின்னம் வைக்கவேண்டும், நெற்றிக்குறி கூடாது, தாடியை மழிக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள், சிப்பாய்கள் கொதித்தார்கள் என்பதும் அதே சரித்திரந்தான். ஆம்பூர்ப் பிள்ளைக்குத் தோலைத் தெரியாதா? "செருப்பும் தோல்தானே! காலுக்கு வராத கோபம் தலைக்கு ஏன் வந்தது?" என்று கேளுங்கள். எந்த மிருகத்தின் தோலோ என்ற சந்தேகந்தான் காரணம் என்பான் ஒருவன். தோல் அல்ல, கட்டாயந்தான் காரணம் என்பான் இன்னொருவன். "எந்த வரியைக் கொண்டு சொல்லுகிறாய்?" என்று கேட்டால் இருவரும் பாடத்தைத் திரும்பப் படிப்பார்கள். ஒரு பெண் எழுந்து, "தோலைப் பதனிடுகிறவன் தாழ்ந்தவன், அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறவன் உயர்ந்தவன் என்று வைத்தது யார்?" என்று கேட்டாலும் கேட்பாள். உட்கார் என்று அதட்டாதீர்கள்.

ஒரு புத்தகம் "கலகம்" என்கிறது. மற்றொன்று "புரட்சி" என்கிறது. எந்தச் சொல்லை யார் போடுவார், ஏன் போடுவார்? இந்த ஒரு கேள்விக்கே ஒரு மணி நேரம் போதாது.

அமெரிக்காவில் பெஞ்சமின் புளூம் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1956-ல் இதை ஆறு படியாகப் பிரித்துக் காட்டினார்கள். ஞாபகம் முதற்படி, ஒன்றை எடைபோட்டு மதிப்பிடுவது ஆறாவது. நம் பிள்ளைகளுக்கு ஆறாவது படியில் ஏராளமான வேலை காத்திருக்கிறது. பாலாற்று வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, கெடுத்தவரே நஷ்டஈடு கொடுக்கவேண்டுமென்று தீர்ப்புச் செய்தது. அதைப் படிக்கிற பிள்ளைக்குத் தகப்பன் தோல் தொழிற்சாலையில் கூலிக்காரன். மாமன் கிணறு கெட்டுப்போன குடியானவன். அபராதம் எவ்வளவென்றால் தொழிற்சாலைக்குப் பதினாயிரம் ரூபாய் என்று சொல்லி உட்கார்ந்துவிடுவான். "தீர்ப்பைக் கேட்டு உன் தகப்பன் என்ன சொல்லியிருப்பார்? மாமன் என்ன சொல்லியிருப்பார்? எழுதினவர் யார் பேச்சை விட்டுவிட்டார்?" என்று கேட்டால் அவ்வளவு சுலபமாய் உட்காரமாட்டான்.

இதற்கு எங்களுக்கே விடை தெரியாதே என்று சில உபாத்தியாயர்கள் சொல்லுகிறார்கள். நல்லதாயிற்று, பிள்ளையோடு சேர்ந்து தேடலாம். நாங்கள் படிக்காதவர்கள் என்று சொல்லும் பெற்றோர்களும் இங்கே இருக்கிறீர்கள். இன்று இரவு பிள்ளையை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, "ஏன் அப்படி?" என்று கேளுங்கள். அதற்கு உங்களுக்கு எழுத்துத் தெரியவேண்டிய அவசியமில்லை.