ஆற்றங்கரையில் ஒரு பாடம்



பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் நம்மில் பலர். லிட்டில் இந்தியாவில் கோயிலுக்குப் போவோம், துணிமணி வாங்குவோம், சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். அங்கிருந்து ரயிலில் ஏறினால் இரண்டாவது நிலையம் கிளார்க் கீ. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் உள்ள அந்த இடத்துக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகளுடன் நாங்கள் சென்று வந்தோம்.

இன்று அங்கே கடைகளும் உணவகங்களும் நிறைந்திருக்கின்றன. ஆற்றில் சுற்றுலாப் படகுகள் போகின்றன. பிள்ளைகளுக்குப் படகைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. "படகு இருக்கட்டும், இந்தக் கட்டடங்கள் முன்பு என்னவாக இருந்தன, சொல்லுங்கள்" என்று கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை.

அவை சரக்குக் கிடங்குகள். பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் வர முடியாது. கடலில் நிற்கும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே தொங்கான்கள் சரக்கைச் சுமந்தன. தொடக்கக் காலத்தில் அப்படகுகளை ஓட்டியவர்களுள் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர்கள். பிறகு அத்தொழில் சீனர் கைக்கு மாறியது. ஆற்றருகே சூலியா தெரு இன்றும் இருக்கிறது.

கிடங்குகளில் என்ன இருந்தது? அரிசி, மிளகு, அவற்றோடு ரப்பர். 1911-இல் சிங்கப்பூரில் ரப்பர் ஏல விற்பனை தொடங்கியது. மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டி, உறையவைத்து, தாளாக்கிப் புகைபோட்ட ரப்பர் சிங்கப்பூர் வழியாகவும் உலகத்துக்குப் போயிற்று.

இதைச் சொன்னதும் ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, எங்கள் தாத்தா இந்த ஊருக்கு வந்ததே இல்லை. ஆனால் அவர் வெட்டிய பால் வந்திருக்கும், இல்லையா?"

வந்திருக்கலாம் என்றோம். அதன்பின் பிள்ளைகள் அந்தச் சுவர்களைப் பார்த்த பார்வையே வேறு.

ஆற்றோரமாகக் கடல் பக்கம் நடந்தால் போட் கீ. அங்கே வெண்கலச் சிலைகள் உள்ளன. ஒன்றில் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் என்ற வணிகர் பேரம் பேசுகிறார். அருகே இந்தியக் கூலியாளும் சீனக் கூலியாளும் மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுகிறார்கள். வணிகருக்குப் பெயர் உண்டு. மூட்டை ஏற்றுபவர்களுக்குப் பெயர் இல்லை. கிளார்க் கீ என்ற பெயரும் 1873 முதல் 1875 வரை ஆளுநராக இருந்த ஆண்ட்ரூ கிளார்க்கினுடையதுதான்.

அந்த ஆறு ஒரு காலத்தில் கறுத்து நாறியது. 1977-இல் அதைத் துப்புரவாக்கத் தொடங்கினார்கள், பத்தாண்டுகளில் முடித்தார்கள். 1983-இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. ஆறு தெளிந்தது, ஆற்றை நம்பிப் பிழைத்தவர்கள் இடம் பெயர்ந்தார்கள். ஆனால் கிடங்குகளை இடிக்கவில்லை. 1989-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்து, பழுது பார்த்து, 1993-இல் கிளார்க் கீயை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

நம் நிலை என்ன? தோட்டம் விற்கப்பட்டால் லயங்கள் இடிக்கப்படுகின்றன. புகைக்கூடம் போகிறது, சில இடங்களில் பள்ளியும் இடம் மாறுகிறது. அவற்றைக் காப்பது நம் கையில் இல்லாமல் இருக்கலாம். பெயர்களைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.

ஆகவே, பெற்றோர்களே, அந்த ஆற்றங்கரைக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். கரையோரம் நடக்கக் கட்டணம் இல்லை. போகுமுன் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? எந்தக் கப்பலில்? எந்தத் தோட்டத்தில் முதலில் பெயர் பதிந்தார்கள்? அவர்கள் சொல்வதைப் பிள்ளையின் கையாலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வையுங்கள். அந்தச் சிலையின் முன் நிற்கும்போது பிள்ளை தன் தாத்தாவின் பெயரைச் சொல்லட்டும்.