மஞ்சளுக்காகப் பிறந்த நூலகம்

நான் செவிலியர். புண்ணுக்குக் கட்டுப்போடுவது அன்றாட வேலை. ஆகவே மஞ்சளிலிருந்து தொடங்குகிறேன்.

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். 'இது எங்கள் பாட்டிக்கே தெரியும்' என்றால் போதாது, எழுத்தில் காட்டவேண்டும். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டியது. 1997இல் உரிமை ரத்தானது.

அந்தப் பாடத்தில் 2001இல் உருவானது மரபு அறிவு மின்நூலகம். சித்த மருத்துவம் உட்பட நம் மருத்துவ நூல்களின் குறிப்புகளை ஆங்கிலம், ஜப்பானியம் முதலான ஐந்து உலக மொழிகளில் தொகுத்தார்கள். ஆனால் முழுத் தொகுப்பைப் பல ஆண்டுகள் காப்புரிமை அலுவலகங்கள் மட்டுமே பார்க்க முடிந்தது. மற்றவர்களுக்கும் படிப்படியாகத் திறக்க 2022இல்தான் இந்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

திறந்தால் திருடுவார்கள் என்ற பயம் நியாயமானதே. ஆனால் அறிவு திருடனிடமிருந்து தப்பினால் மட்டும் போதுமா? உரியவர் கைக்கும் வரவேண்டும், எச்சரிக்கையோடு வரவேண்டும். இலங்கையில் குப்பைமேனி சேர்த்த இலைக்கஞ்சி குடித்த சிலருக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்ததை மருத்துவ இதழ்கள் பதிவுசெய்துள்ளன. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள் அவர்கள்.

மூலிகையின் படம், ஊருக்கு ஊர் வழங்கும் பெயர், பழைய நூல் சொல்வது, யார் சாப்பிடக்கூடாது என்பது: நான்கும் ஒரே பக்கத்தில், தமிழில், எவரும் திறக்கும்படி இருக்கவேண்டும். வார்டில் ஒரு தமிழ்த் தாய், "வீட்டு மருந்துதான் பிள்ளை" என்று தயங்கிச் சொல்லும்போது, அவரோடு சேர்ந்து வாசிக்க எனக்கு அந்தப் பக்கம் வேண்டும்.