திருவுளச் சீட்டும் ஓட்டுக் கணக்கும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட விஷயம் தேர்தல். யாருக்கு ஓட்டுப் போடவேண்டும் என்பதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. போட்ட ஓட்டை எண்ணுகிறார்களே, அந்தக் கணக்கை நாம் எதைக்கொண்டு நம்புவது என்பதைப்பற்றித்தான் பேசப்போகிறேன். ஆயிரக்கணக்கான ஓட்டு வித்தியாசத்தில் ஒருவர் ஜெயித்துவிட்டால் இந்தக் கேள்வியே எழுவதில்லை. பத்து ஓட்டு, ஒரு ஓட்டு என்று வரும்போதுதான் எண்ணுகிறவர்களுடைய யோக்கியதை சந்திக்கு வருகிறது.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தில் 2017 நவம்பரில் சட்டசபைத் தேர்தல் நடந்தது. 94-வது தொகுதியில் டேவிட் யான்சி என்பவர் 10 ஓட்டு அதிகம் பெற்றதாக முதல் கணக்கு. எதிர் அபேட்சகரான ஷெல்லி சைமண்ட்ஸ் அம்மையார் மறுபடியும் எண்ணச் சொன்னார். டிசம்பர் 19-ந் தேதி எண்ணினார்கள். அம்மையாருக்கு 11,608, யான்சிக்கு 11,607. அம்மையார் ஒரு ஓட்டில் ஜெயித்தார் என்றார்கள். மறுநாள் மூன்று ஜட்ஜுகள் கூடி, இரண்டு பேருக்கும் குறியிட்டு அம்மையார் பக்கத்தில் கோடு கிழித்திருந்த ஒரே ஒரு ஓட்டுச் சீட்டை எடுத்து, இது யான்சிக்குச் சேரவேண்டியது என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஆளுக்கு 11,608 ஆகிவிட்டது. பிறகு 2018 ஜனவரி 4-ந் தேதி இருவர் பெயரையும் எழுதி ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டு ஒன்றை எடுத்தார்கள். யான்சி பெயர் வந்தது. அந்த ஒரு சீட்டால் 100 பேர் கொண்ட சபையில் அவருடைய கட்சி 51 பேராகி, சபையே அவர்கள் கைக்குப் போயிற்று.

நம் ஊரில் இதற்குத் திருவுளச் சீட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாருடைய உளம் அது? கடவுளுக்கு யான்சிமேல் அவ்வளவு பிரியம் இருந்திருந்தால், முதலிலேயே இன்னும் நாலு பேரை அவருக்கு ஓட்டுப் போடச் செய்திருக்கக்கூடாதா? 2019-இல் அதே அம்மையாரிடம் அவர் தோற்றாரே, அதற்குள் கடவுள் கட்சி மாறிவிட்டாரா?

நமது நாட்டிலும், ஓட்டுகள் சமமாக வந்தால் சீட்டுப் போட்டுத் தீர்க்கவேண்டுமென்றுதான் 1951-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்லுகிறது. அதை நான் குறை சொல்லவில்லை. சமமாக இருக்கும்போது என்ன காரணம் சொல்லி ஒருவரைத் தள்ளினாலும் அது பட்சபாதமாகும். சீட்டுக்குப் பட்சபாதம் கிடையாது. இரண்டு கட்சிக்காரரும் பார்க்க எடுப்பதால் சண்டை ஓய்கிறது. ஓயச் செய்வது தெய்வமல்ல. எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதுதான்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடவோலைத் தேர்தல் நடத்தினோம் என்று சிலர் பெருமை பேசுகிறார்கள். குடத்தில் போட்ட ஓலையை ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். அது சீட்டே தவிர ஓட்டு அல்ல. அதிலும் கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேத ஞானமும் இருந்தால்தான் ஓலையில் பெயர் ஏறும். ஏர் பிடித்தவன் பெயர் குடத்துக்குள்ளேயே போகவில்லை. வெளியே எப்படி வரும்? இன்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஓட்டு இருக்கிறது. அதனால்தான் அதன் கணக்கைக் கேட்கும் பாத்தியதையும் உங்களுக்கு இருக்கிறது.

இனி நம் பக்கத்துச் சங்கதி. 2016-இல் திருநெல்வேலி ஜில்லா ராதாபுரத்தில் இன்பதுரை அவர்கள் அப்பாவு அவர்களை 49 ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். தலைமையாசிரியர் சான்றுக் கையெழுத்துப் போட்டது செல்லாது என்று 203 தபால் ஓட்டுகளைத் தள்ளியிருந்தார்கள். வழக்கு நடந்தது. தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணும்படி 2019 அக்டோபரில் ஹைக்கோர்ட்டு உத்தரவிட்டது. எண்ணியும் ஆயிற்று. ஆனால் முடிவை வெளியிடக்கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. 2021-இல் அந்தச் சட்டசபையே முடிகிறவரை அந்த எண் வெளிவரவில்லை. யார் ஜெயிக்கவேண்டும் என்பது என் கவலையல்ல. தேர்தல் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்கவேண்டுமென்று சட்டத்தில் எழுதி வைத்துவிட்டு, ஐந்து வருஷமும் ஒரு தொகுதி ஜனங்களைச் சந்தேகத்திலேயே வைத்திருந்தால், அவர்களை எப்படி நம்பச் சொல்லுவது?

தோழர்களே! இந்த விஷயத்தில் இரண்டுவித மூடநம்பிக்கை இருக்கிறது. அதிகாரி சொன்னால் கேள்வி கேட்காதே என்பது ஒன்று. அது அர்ச்சகன் பேச்சு. நான் தோற்றால் மோசடி, ஜெயித்தால் நியாயம் என்பது மற்றொன்று. அது காரியம் கெட்டதற்குச் சனியனைத் திட்டுகிறவன் பேச்சு. முன்னவன் கணக்கைக் காட்டமாட்டான். பின்னவன் கணக்கைக் காட்டினாலும் பார்க்கமாட்டான். இருவரும் பகுத்தறிவுக்கு விரோதிகளே.

பகுத்தறிவுக்காரன் என்ன செய்யவேண்டும்? ஓட்டுப்பதிவு முடிந்ததும் அந்தச் சாவடியில் எத்தனை ஓட்டு விழுந்தது என்று எழுதி, 17-சி என்ற பாரத்தின் நகலை ஏஜெண்டுகளுக்குக் கொடுக்கவேண்டும். அதை வாங்காமல் சாப்பாட்டுக்கு ஓடிப்போகாதீர்கள். எண்ணும் நாளில் யந்திரம் காட்டும் மொத்தத்தை அதோடு ஒத்துப் பாருங்கள். ஒரு சட்டசபைத் தொகுதிக்கு ஐந்து சாவடியின் காகிதச் சீட்டுகளை யந்திரக் கணக்கோடு ஒப்பிட்டு எண்ணவேண்டுமென்று 2019-இல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது. அப்போது பக்கத்தில் நின்று பாருங்கள். சந்தேகமிருந்தால் முடிவு அறிவிக்குமுன் மறு எண்ணிக்கை கேட்டு எழுதிக் கொடுங்கள். அதன்பிறகும் குறையிருந்தால் 45 நாளுக்குள் ஹைக்கோர்ட்டில் வழக்குப் போடலாம். இத்தனையும் செய்யாமல் ஆறு மாதம் கழித்து டீக்கடையில் உட்கார்ந்து மோசடி, மோசடி என்று கூவுவதில் பிரயோஜனமில்லை.

சர்க்காருக்கும் ஒன்று சொல்லுகிறேன். நம்புங்கள் என்று எங்களுக்கு உபதேசம் செய்யவேண்டாம். கணக்கைக் காட்டுங்கள், காலத்தில் காட்டுங்கள். தோற்றவனும் பார்த்து, ஆம், நான் தோற்றேன் என்று ஒப்புக்கொள்ளும்படி காட்டுங்கள். ஜெயித்தவனுக்கு எந்தக் கணக்கும் சரியாகத்தான் தோன்றும். தோற்றவனுடைய சம்மதந்தான் தேர்தலின் யோக்கியதைக்கு அத்தாட்சி.

நான் சொன்னதற்காக இதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் அறிவைக்கொண்டு ஆலோசித்து, சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையேல் தள்ளிவிடுங்கள்.