தட்டும் இடமும் தளர்ந்த இடமும்



கவிதை பேச வேண்டிய மேடையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் எஞ்சினைப் பற்றிப் பேசுவது முறையா என்று சிலர் ஐயுறலாம். ஐயத்திற்கு விடை தமிழ் வழக்கிலேயே இருக்கிறது. வெண்பாவில் ஒரு சீர் இசையாது போனால் புலவர், 'தளை தட்டுகிறது' என்பார். பட்டறையில் காது கொடுத்து நிற்கும் மெக்கானிக், 'எஞ்சின் தட்டுகிறது' என்பார். இருவர் நாவிலும் வினைச்சொல் ஒன்றே. இருவரும் செய்யும் ஆராய்ச்சியும் ஒன்றே என்பதுதான் இப்பொழிவின் கருத்து.

தளை என்பது தனிச்சீரின் குணமன்று. நின்ற சீரின் ஈற்றசைக்கும் வரும் சீரின் முதலசைக்கும் உள்ள உறவு. மாவின் முன் நிரை வரவேண்டிய இடத்தில் நேர் வந்தால் வெண்பாவின் ஓசை இடறுகிறது. காது இடறுவது வரும் சீரில். திருத்த வேண்டியதோ சில வேளைகளில் நின்ற சீராக இருக்கிறது. தட்டும் இடம் வேறு, தளர்ந்த இடம் வேறு. இந்த உண்மையைக் கொங்கு நாட்டுத் தொழிலாளர் இலக்கணம் பயிலாமலே அறிந்திருக்கின்றனர்.

பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறிக் கூடங்களை எண்ணிப் பாருங்கள். சாதாரணத் தறியில் மேலே கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கீழ் ஷாப்ட் ஒரே சுற்றுச் சுற்றுகிறது. அந்த இரண்டு சுற்றில் நாடா இடமிருந்து ஒரு முறையும் வலமிருந்து ஒரு முறையும் பாய்கிறது. ஆகவே வேண்டாத ஓசை ஒன்று ஒரு வீச்சு விட்டு ஒரு வீச்சுக்கு வந்தால், மிஸ்திரி தறி முழுவதையும் பிரிப்பதில்லை. நாடாவை எறியும் இரு பக்கங்களில் ஒன்றை மட்டும் பார்க்கிறார். திருப்பூரின் பனியன் துணியிலும் இதே நெறிதான். துணியில் நெடுக்காகக் கோடு விழுந்தால் குறை ஊசியில். குறுக்காகப் பட்டை விழுந்தால் பெரும்பாலும் நூலிலோ நூல் ஊட்டும் இடத்திலோ. பிழை எந்த முறையில் திரும்பத் திரும்ப வருகிறதோ, அந்த முறையே அதன் முகவரி.

இனி காருக்கு வருவோர் வியக்கும் ஒற்றுமை ஒன்று உண்டு. நான்கு வீச்சு எஞ்சினிலும் கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் வால்வுகளை இயக்கும் கேம் ஷாப்ட் ஒரு சுற்றே சுற்றுகிறது. 'டேப்பட்' என்னும் சொல் தறிக்கும் எஞ்சினுக்கும் பொது. தறியின் தாளம் அறிந்தவர்க்கு எஞ்சினின் தாளம் அயலன்று.

சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களை உருவாக்கியது. இங்கிலாந்தில் அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே குடும்பத்து எஞ்சினைப் பொருத்தி 1962-இல் வெளிவந்த இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார்தான் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். ஹெரால்டைப் பழுது பார்த்த தமிழ் மெக்கானிக்குக்கு ஸ்பிட்ஃபயரின் நெஞ்சத் துடிப்பு புதிதன்று.

அத்தகைய காரில் இனம் தெரியாத தட்டோசை ஒன்று எழுகிறது என்று கொள்வோர், அதைத் தேடும் வழி இது. வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது ஓசை உண்டா? இல்லையெனில் எஞ்சின் பெரும்பாலும் குற்றவாளியன்று. கம்பிச் சக்கரம் பொருந்தும் பல்வரிசை தேய்ந்திருந்தால், கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் தட்டும். மிஸ்திரிமார் 'கிராஸ்' என்று சொல்லும் இணைப்பு தளர்ந்திருந்தாலும் அவ்வாறே.

நின்ற நிலையிலும் ஓசை வந்தால், அடுத்த வினா தாளம் பற்றியது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை, மேலிருந்து மெல்லியதாக வந்தால் டேப்பட் இடைவெளியைப் பார்க்க வேண்டும். கீழிருந்து கனத்து வந்தால் பேரிங்குகளை ஐயுற வேண்டும். குளிர்ந்திருக்கையில் தட்டிச் சூடேறியதும் அடங்கினால் பிஸ்டன் தளர்ந்திருக்கலாம். காலையில் கிளப்பிய சில நொடிகள் மட்டும் கடகடத்து ஓய்ந்தால், இரவில் வடிகட்டியிலிருந்து எண்ணெய் இறங்கிவிட்டது என்பது இந்த எஞ்சின் குடும்பத்தின் அறியப்பட்ட குறை. கிளட்சை மிதித்ததும் ஓசை மாறினால், கிராங்க் ஷாப்ட் முன்பின் நகராமல் தடுக்கும் வாஷர் தேய்ந்திருக்கலாம்.

இதற்கும் பிடிபடாவிடில், ஒவ்வொரு பிளக்கின் வயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பர். எந்த உருளை ஓய்ந்ததும் ஓசை தணிகிறதோ, அங்கே குறை. புலவர் செய்யும் அலகிடுதல் இதுவன்றி வேறென்ன? சீர்களைப் பிரித்து, அசைகளைப் பிரித்து, ஒன்றொன்றாய் நிறுத்திக் கேட்பதே இரண்டு கலைக்கும் வழி.

ஆனால் தட்டோசையின் வரலாற்றில் எச்சரிக்கை தரும் அத்தியாயம் ஒன்று உண்டு. மலையேறும்போது எஞ்சினில் 'கிளிங் கிளிங்' என்று எழும் ஓசை உறுப்புத் தேய்மானத்தால் வருவதன்று. பிளக்கின் சுடர் வந்து சேருமுன்பே, மூலையில் நெருக்குண்ட கலவை தானாக வெடிப்பதால் எழுவது. அமெரிக்காவின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கின் உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லி 1916-இல் இதை ஆராயத் தொடங்கினார். கெட்டரிங் அமைத்த தீப்பொறி முறைமீதே பலர் பழி போட்டிருந்தனர். உருளைக்குள் அழுத்தம் ஏறும் விதத்தைப் பதிவு செய்து பார்த்த மிட்ஜ்லி, பொறி எழுந்த பின்னரே தட்டு எழுகிறது என்று கண்டார். பழி நீங்கியது.

எரிபொருளின் நிறம் சிவப்பானால் தட்டு நிற்கும் என்று கருதி அயோடினைக் கலந்தனர், தட்டு நின்றது. வேறு சாயங்களைக் கலந்தனர், நிற்கவில்லை. நிறமன்று, வேதிப்பொருளே காரணம் என்று அப்போது தெளிந்தது. ஒரு முறை பலித்ததைக் கொண்டு கொள்கை கட்டாமல் மீண்டும் சோதித்ததே அவர்களின் சிறப்பு.

அதன் பின்தான் வழி பிசகியது. 1921 டிசம்பரில் டெட்ராஎத்தில் ஈயம் சிறிதளவு சேர்த்தாலே தட்டு அடங்கும் என்று கண்டனர். எத்தனாலும் தட்டைத் தணிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. எனினும் சந்தைக்குச் சென்றது ஈயமே. 1924-இல் நியூ ஜெர்சியின் ஆலை ஒன்றில் அந்த நஞ்சால் தொழிலாளர் ஐவர் மாண்டனர். எஞ்சின்கள் அமைதியாயின. அந்த அமைதியின் விலையை உலகெங்கும் சாலையோரக் குழந்தைகளின் மூளையும் நரம்பும் செலுத்தின. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிந்தது. கார்களுக்கான அதன் கடைசி விற்பனை 2021-இல் அல்ஜீரியாவில் நின்றது. ஓர் ஓசையை அடக்கிய பொருளை உலகம் முற்றிலும் நீக்க ஏறக்குறைய நூறாண்டுகள் சென்றன.

கவிஞர் பெருமக்களே, அடி தட்டும்போது இருவழி உண்டு. இடத்தைக் கண்டு திருத்துவது ஒன்று. பொருளற்ற சொல்லைக் கலந்து ஓசையை அடக்குவது மற்றொன்று. பின்னது எளிது, அரங்கில் கைதட்டும் கிடைக்கும். ஆனால் அடங்கிய ஓசையெல்லாம் திருந்திய ஓசையாகிவிடாது. அந்த வெற்றுச் சொல் அடியில் தங்கி, நாளடைவில் பாடலின் உயிரையே அரித்துவிடும்.

புதுக்கவிதைக்குத் தளை இல்லையே எனலாம். ஆயினும் அதற்கும் தட்டு உண்டு. வாசகர் கடைசி வரி பலவீனம் என்கிறார். கவிஞர் கடைசி வரியையே பத்து முறை மாற்றுகிறார். குறையோ மூன்றாம் வரியில் சொல்லிவிட்ட ஒரு விளக்கத்தில் இருக்கிறது. அங்கேதான் வயரைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு வரியையும் நீக்கிப் படித்துப் பார்த்து, எதை நீக்கினால் இடறல் நிற்கிறது என்று கேட்க வேண்டும்.

இலக்கிய வட்டம் ஒன்றின் பயனும் அதுவே. தன் பாட்டின் தட்டு எழுதியவரின் செவிக்கு எளிதில் எட்டுவதில்லை. பழகிய காது அதைத் தாளமாகவே ஏற்றுக்கொள்கிறது. பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஒருவர், 'இங்கே ஏதோ தட்டுகிறது' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவ்வாறு சொல்லும் துணிவும், அதைக் கேட்டு வெகுளாத பண்பும் பத்தாண்டுகள் நிலைத்த அவை இது. இனிவரும் ஆண்டுகளிலும் ஓசையை மறைக்கும் பாராட்டைவிட, இடத்தைக் காட்டும் நட்பு இங்கே ஓங்குக.