யார்க் நகரத்துத் தேர் நாடகங்கள்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மாண்ட கலையொன்று மீண்டும் உயிர்பெறுதல் கூடுமோ என்று வினவுவார்க்கு, இங்கிலாந்தின் வடபாகத்திலுள்ள யார்க் நகரத்தின் சரித்திரம் தக்க விடை பகர்கின்றது. அதனைச் சுருங்கக் கூற விரும்புகின்றோம்.

14-ம் நூற்றாண்டு முதல் அந்நகரத்துத் தொழிற்சங்கத்தார், கிறிஸ்துவின் திருவுடல் திருநாளில், உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு ஈறாகவுள்ள வேதாகம வரலாற்றை நாடகமாக நடத்தி வந்தனர். ஏறத்தாழ 50 சிறு நாடகங்களும் தொழில்வாரியாகப் பகிரப்பட்டிருந்தன. நோவாவின் பேழையைக் கட்டுங் காட்சி கப்பல் தச்சர்க்கு. கடைசி இராப்போஜனம் ரொட்டி சுடுவோர்க்கு. இறுதித் தீர்ப்பு செல்வமிக்க வணிகர்க்கு. அதிகாலையிலேயே சக்கர மேடைகளை வீதியில் இழுத்துச் சென்று, குறித்த இடந்தோறும் நிறுத்தி ஆடுவர். செலவிற்குச் சங்கத்தாரே ஆண்டுதோறும் பணங்கொடுத்தனர்.

சமயச் சீர்திருத்தத்தின் பின்னர் இவை ஐயத்துடன் நோக்கப்பட்டு, 1569-ல் நடந்ததே இறுதியாயிற்று. ஏட்டுப் பிரதி மாத்திரம் அழியாது தங்கிற்று.

ஏறக்குறைய 380 ஆண்டுகள் கழித்து, 1951-ல், பிரிட்டன் விழாவையொட்டி மார்ட்டின் பிரௌன் என்பார் இந்நாடகங்களைச் சுருக்கி, புனித மரியாள் மடத்தின் இடிபாடுகளிடையே மேடையேற்றினார். நகரமாந்தர் பலர் வேடம் பூண்டனர். அது பெருந்தொண்டே, ஐயமில்லை. ஆயினும், நாடகம் மீண்டதேயன்றி வீதியும் சக்கரமும் தொழிற்சங்கங்களின் பொறுப்பும் அப்பொழுது மீளவில்லை.

1994-ல் தேர்கள் மறுபடியும் வீதிக்கு வந்தன. 1998-ல் சங்கங்களே பொறுப்பேற்றன. பழைய முறைப்படியே இறுதித் தீர்ப்பை வணிகரும், கிறிஸ்துவின் மரணத்தை இறைச்சி விற்போரும் நடத்தலாயினர். பண்டைத் தொழில்கள் பல மறைந்துவிட்டமையால், திருச்சபையாரும் நாடகக் குழுவினரும் உடன் சேர்க்கப்பட்டனர். 'எமக்கே உரியது' என்று கதவடைத்திருப்பின், இழுப்பாரின்றித் தேர்கள் நின்றிருக்கும்.

அன்பர்களே! முன்னோர் கலையைப் புகழ்ந்து தீர்மானம் நிறைவேற்றுதல் எளிது. இன்ன காட்சி இன்னார் பொறுப்பு, இன்ன செலவு இன்னாருடையது என்று பங்கிட்டுக்கொள்ளுதலே அரிது. யார்க் நகரத்தார் அவ்வரிய செயலைச் செய்தனர். வெளியாரையும் மனமுவந்து அழைத்தனர். நம் கிராமங்களில் அருகிவரும் கூத்துகளைப் பற்றிப் பேசுமிடத்து, நாமும் இவ்விரண்டையுங் கருதுவோமாக.