நடவாத போர்

பாரதக் கதையிலே பகடை முதலில் உருண்டது. பங்காளிகளின் போர் பின்னர் வந்தது. பிரித்தானியாவிலோ, பங்காளிகளின் போரொன்றை மேசைமீது பரப்பிவைத்து, அதனைப் பகடை உருட்டியே நடத்தும் ஒரு பொழுதுபோக்கு உண்டு. அங்கே போர்க்களமாவது ஆறடி நீளமும் நாலடி அகலமுங் கொண்ட ஒரு மேசை. படையாவது கட்டைவிரலிற் பாதியுயரமே உடைய உலோகப் பொம்மைகள். போரோ வரலாற்றில் என்றுமே நடவாத ஒன்று.

பொம்மைப் போர் விளையாட்டு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1824ஆம் ஆண்டிலே பிரசிய நாட்டுப் படையதிகாரியான றைஸ்விற்ஸ் என்பவர், நிலப்படத்தின்மீது சிறு கட்டைகளை நகர்த்திப் பகடையால் வெற்றி தோல்வி காணும் பயிற்சி முறையொன்றை வகுத்தளித்தார். அஃது அதிகாரிகளுக்கென எழுந்தது. அதனைப் போன்றதொன்றை இல்லத்துக்குரிய விளையாட்டாக்கியவர் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். 1913இல் அவர் வெளியிட்ட ‘சிறு போர்கள்’ என்னும் நூலிலே, காலாட்படை ஒரு முறைக்கு ஓரடியும் குதிரைப்படை ஈரடியும் நகரலாம் என்பன போன்ற எளிய விதிகள் உள்ளன. பொம்மைப் பீரங்கி மரக்குச்சியை எய்யும். அது பட்டு விழுந்த வீரன் இறந்தவனாவான். இவ்வாட்டத்தைச் சிலமுறை ஆடியவன், உண்மைப் போர் எத்துணைப் பெரிய மடமை என்பதைத் தானே உணர்வான் என்பது வெல்ஸ் அந்நூலின் இறுதியிற் கூறிய கருத்து. அடுத்த ஆண்டிலேயே முதலாம் உலகப்போர் மூண்டது. நூலைப் படித்தோர் பலர். கருத்தைக் கொண்டோர் சிலரே போலும்.

வெல்ஸ் அமைத்த மரபின் வழிவந்தோர் இன்று பலவகைப் போர்களை ஆடுகின்றனர். வாட்டர்லூவை ஆடுவோர் உளர். விண்வெளிப் போர்களை ஆடுவோரும் உளர். அவற்றுள் ஒன்று ‘எ வெரி பிரிட்டிஷ் சிவில் வோர்’ எனப்படுவது. ‘முற்றிலும் பிரித்தானியமானதோர் உள்நாட்டுப் போர்’ என அப்பெயரைத் தமிழாக்கலாம். அதன் கதையை அறிதற்கு 1936ஆம் ஆண்டின் வரலாறு சிறிது வேண்டும்.

அவ்வாண்டு ஜனவரி 20ஆந் திகதி ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலமானார். மூத்த மகன் எட்டாம் எட்வேட் அரசரானார். திருமதி வாலிஸ் சிம்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணியை மணக்க அவர் விரும்பினார். அப்பெண்மணி முன்னரே இருமுறை மணம் புரிந்தவர். அவ்விரு கணவரும் உயிரோடிருந்தனர். இத்தகைய மறுமணத்தை இங்கிலாந்துத் திருச்சபை அக்காலத்தில் ஏற்கவில்லை. அரசரோ அத்திருச்சபையின் தலைவர். பிரதம மந்திரி ஸ்ரான்லி போல்ட்வினும் இணங்கவில்லை. காதலா முடியா என்ற கேள்வி அரசர்முன் நின்றது. டிசம்பர் 10ஆந் திகதி அரசர் முடிதுறப்புப் பத்திரத்திற் கையொப்பமிட்டார். மறுநாள் பாராளுமன்றம் அதனைச் சட்டமாக்கியது. அன்றிரவே அவர் வின்சர் மாளிகையிலிருந்து வானொலி வாயிலாக மக்களிடம் விடைபெற்று, கடல் கடந்து சென்றார். தம்பி ஆறாம் ஜோர்ஜ் மன்னரானார். ஒரு துப்பாக்கியேனும் வெடிக்கவில்லை.

கற்பனை கிளை பிரியுமிடம் இதுவே. விளையாட்டுக் கதையிலே எட்வேட் முடிதுறக்க மறுக்கிறார். அமைச்சரவை விலகுகிறது. பாசிசத் தலைவர் ஒஸ்வால்ட் மோஸ்லி பிரதம மந்திரியாகிறார். 1938இல் நாடு துண்டுபட்டுப் போரில் இறங்குகிறது. அரசர் பக்கம் ஒரு படை. திருச்சபையின் பெயரால் எழுந்த அங்கிலிக்கன் அணி மறுபக்கம். பொதுவுடைமையாளர், ஸ்கொத்லாந்துப் பிரிவினர், எவர் ஆணைக்கும் அடங்காத ஊர்க்காவற் கூட்டங்கள் எனப் பின்னும் பல.

இஃது முழுதும் வெறுங்கற்பனையோ எனின், அன்று. மோஸ்லி 1932இல் தொடங்கிய கட்சியினர் கறுப்புச் சட்டையணிந்து தெருக்களில் அணிவகுத்தது உண்மை. 1936 ஒக்டோபர் 4ஆந் திகதி இலண்டன் மாநகரின் கேபிள் தெருவிலே அவர்களின் ஊர்வலத்தை மக்கள் திரண்டு மறித்ததும் உண்மை. முடிநெருக்கடியின்போது அக்கட்சி அரசருக்காகக் குரலெழுப்பியதும் உண்மை. அதே ஆண்டு ஜூலையில் ஸ்பெயினிலே உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. பிரித்தானியத் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 2,500 பேர் அங்கு சென்று குடியரசின் பக்கம் நின்றனர். அவர்களுள் 500க்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. விறகு அடுக்கப்பட்டிருந்தது, தீ மட்டுமே வைக்கப்படவில்லை.

இனி ஆட்டத்தைக் காண்போம். மேசைமீது ஓர் ஆங்கிலக் கிராமம் எழுகிறது. அட்டையாற் செய்த தேவாலயக் கோபுரம், பஞ்சை நறுக்கி நிறந்தோய்த்த வேலிகள், கற்பாலம், தபாற் கந்தோர், சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. ஆடுவோர் தம் சொந்த ஊரையே களமாக வைப்பதும் உண்டு. பொம்மைகளுக்கு மாதக்கணக்கில் வண்ணந்தீட்டியிருப்பர். பாற்காரனின் லொறியில் இரும்புத் தகடு பதித்துக் கவசவண்டி ஆக்கியிருப்பர். பார்ப்போர்க்கு முதலில் நகைப்பே தோன்றும்.

இப்போரை இன்ன விதிநூலின்படியே ஆடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆடுவோர் தாம் விரும்பியதைத் தெரிந்துகொள்வர். அளவுகள் வேறுபடினும் முறை பெரும்பாலும் ஒன்றே. பத்துப் பேர்கொண்ட ஓரணி ஒரு முறைக்குச் சில அங்குலம் நகரும். சுடவேண்டின், இடைத்தூரத்தை அளவுநாடாவால் அளந்து, சுடுவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பகடை உருட்டுவர். வெட்டவெளியில் நிற்பவன் எளிதில் விழுவான். கற்சுவரின் பின் நிற்பவனை வீழ்த்த உயர்ந்த எண் வேண்டும். அணியிற் பலர் வீழ்ந்துவிட்டால் எஞ்சியோரின் மனவுறுதியைச் சோதிக்க மீண்டும் பகடை. நேற்றுவரை கலப்பை பிடித்த ஊர்க்காவலன் விரைவில் ஓடுவான். பயின்ற சிப்பாய் நிலைப்பான். பாலத்தைப் பிடிக்கவேண்டும் என்று இருபக்கத்தாரும் நினைப்பர். எட்டாவது முறை முடியும்பொழுது பாலத்தருகே பாதிப்பேர் சாய்ந்துகிடப்பர். பாலம் எவர்க்கும் உரியதாகாது. முதலில் தோன்றிய நகைப்பு அந்நேரத்திற் சற்று அடங்கும்.

இவ்வாறு உள்நாட்டுப் போரை விளையாட்டாக்குவது தகுமா என்ற கேள்வி எழுவது இயல்பே. அத்தகைய போரை வீட்டளவிலே அறிந்த நாட்டினர்க்கு அக்கேள்வி இன்னுங் கூர்மையாகத் தோன்றும். மேசைமீது வீழ்ந்தவன் ஆட்டம் முடிந்ததும் எழுந்து பெட்டிக்குள் உறங்கப் போகிறான். அங்கே தாய்க்கு ஒரு பொம்மை இல்லை. வீடிழந்தோர்க்கு ஓர் அணி இல்லை. காணாமற் போனவனைத் தேடுவதற்கு விதி எழுதிய நூலும் இல்லை. போரின் பெரும்பகுதி மேசைக்கு வெளியே நிற்கிறது. இதனை மறந்து ஆடுபவன் போரை அறிந்தவனல்லன். பொம்மையை மட்டுமே அறிந்தவன்.

எனினும் அவ்வாட்டத்தினுள்ளே கவனிக்கத்தக்க ஓருண்மை உண்டு. மேசையின் இருபுறமும் நிற்போர் பகைவர் அல்லர், நண்பர். இம்மாதம் அரசருக்காகப் பொருதியவர் அடுத்த மாதம் கிளர்ச்சிக்காரராவார். ஆட்டந் தொடங்குமுன்னரே விதியை இருவரும் ஒப்புக்கொள்வர். ஐயம் எழுந்தால் நடுவரைக் கேட்பர். நடுவர் தமக்கு மாறாகத் தீர்த்தாலும் ஏற்பர். தோற்றவர் வென்றவருக்குக் கைகொடுப்பர். எதிரி இல்லாவிடின் ஆட்டமே இல்லை என்பதை இருவரும் அறிவர்.

உண்மையான உள்நாட்டுப் போரிலே முதலில் மடிவது இப்பொது ஒப்பந்தமே. ஒரே விதியை இருபக்கமும் ஏற்கும் மனம் இறந்தபின்னரே துப்பாக்கி வெடிக்கத் தொடங்குகிறது. 1936 டிசம்பரில் பிரித்தானியாவைக் காத்தது யாது? எவருடைய வீரமும் அன்று. அரசருக்கு மனக்குறை இருந்தது. அவர்பால் இரங்கியோரும் பலர் இருந்தனர். ஆயினும் தம் விருப்பத்துக்கு மாறாக வந்த முடிவை அவர் ஏற்றார். அவர்பால் அன்புடையோரும் ஏற்றனர். தோல்வியைத் தாங்கும் பண்பு, வெற்றியைத் தேடும் வீரத்தினும் அரிது.

ஆட்டம் முடிந்தபின், சற்றுமுன் ஒருவரையொருவர் சுட்டவர்கள் இருவருமாகவே அக்கிராமத்தைக் கழற்றிப் பெட்டியில் அடுக்குகின்றனர். ஒருவர் கோபுரத்தை எடுக்க, மற்றவர் பாலத்தை எடுக்கிறார். வீழ்ந்தவர்களை எடுத்துவைக்கையில் இன்னார் பக்கத்தவன் என எவரும் பார்ப்பதில்லை. மேசை வெறுமையாகிறது, அடுத்த மாதம் எந்நாள் கூடுவது என்று இருவரும் பேசிக்கொண்டே விளக்கை அணைக்கின்றனர்.