போதையை விட மருந்து உண்டு



ஜமாஅத் பெரியோர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே,

2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் நடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெத்தனால் கலந்த சாராயத்தால் நம் மாவட்டத்திலும் பக்கத்துச் செங்கல்பட்டிலும் 20க்கும் மேற்பட்டோர் மவுத்தானார்கள். மறுவருடம் கள்ளக்குறிச்சியில் அது 60ஐத் தாண்டியது. விற்றவர்களைப் பிடித்தார்கள். ஆனால் உப்பளத்து வெயிலில் உழைத்து, உடம்பு வலிக்கென்று குடிக்கத் தொடங்கி, விட நினைத்தும் விட முடியாதவருக்கு நாம் என்ன செய்திருக்கிறோம்? 'நம் மஹல்லாவில் அப்படி யாரும் இல்லை' என்பவர்கள் நம் அலுவலகத்துக்கு வரும் மனுக்களைப் படித்துப் பார்க்கட்டும்.

நாம் வழக்கமாகத் தவ்பா செய்ய வைப்போம். 40 நாள் ஜமாஅத்தில் அனுப்புவோம். ரமலான் பிறை கண்ட இரவோடு தாமாகவே நிறுத்துபவர்களும் உண்டு. நிய்யத் நல்லதுதான். ஆனால் வருடக்கணக்கில் தினமும் அதிகம் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால், இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவது எல்லாம் வரலாம். உயிரும் போகலாம். ஜின் பிடித்துவிட்டது என்று ஓதிய தண்ணீர் கொடுத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் பி1 வைட்டமின் ஊசியும் போட்டு அந்த நாட்களைக் கடத்திவிடுவார்கள்.

அதன்பின் திரும்பக் குடிக்காமல் இருக்கவும் மாத்திரைகள் உண்டு. நால்ட்ரெக்சோன் குடியில் கிடைக்கும் இன்பத்தைக் குறைக்கிறது. அகாம்ப்ரோசேட் விட்டவருடைய தவிப்பைத் தணிக்கிறது. டைசல்பிரம் வேறு மாதிரி. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுப்பார். 'அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கலாமா?' என்று ஒரு சகோதரி கேட்டார். அப்படித்தானே விளம்பரமும் செய்கிறார்கள்! வேண்டாம் தாயே. மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். அவர் அறிந்து, சம்மதித்து, டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு, நாக்குக்கு அடியில் வைக்கும் ப்யூப்ரெனார்பின் இருக்கிறது. 'போதைக்குப் பதில் இன்னொரு போதையா?' என்று ஆலிம்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதுவும் அதே இனத்து மருந்துதான், மறைக்கவில்லை. ஆனால் டாக்டர் அளவாகக் கொடுக்கும்போது தவிப்பு அடங்குகிறது. பிள்ளை தூங்குகிறான், வேலைக்குப் போகிறான், ஊசியை விடுகிறான். அவசரப்பட்டு மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். சில வாரம் விலகியிருந்த உடம்புக்குப் பழைய அளவு தாங்காது. திரும்பப் போய் அதே அளவு போட்டால் மூச்சு நின்றுவிடும். இன்னொன்று: வலி மாத்திரைப் பழக்கமும் உள்ளவர் அதை டாக்டரிடம் மறைத்து நால்ட்ரெக்சோன் சாப்பிட்டால் கடும் அவதிப்படுவார்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். நோன்பு நாட்களில் மாத்திரையை இஃப்தாருக்குப் பிறகு மாற்றிக்கொள்ள முடியுமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

டயாலிசிஸுக்குக் கொடுப்பதுபோலவே இதற்கும் பஸ் செலவும் மருந்துச் செலவும், இன்ஷா அல்லாஹ், டிரஸ்ட் கொடுக்கும். டாக்டர் சீட்டு போதும். கணக்கில் 'மருத்துவ உதவி' என்று மட்டுமே எழுதுவோம். அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் நான் தனியாகத்தான் இருப்பேன்.